யார் பெயரில் சான்றிதழ்?

ஐரோப்பாவுக்குப் போகும் பம்பின் பெயர்த்தகட்டில் 'சி.இ.' என்ற இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். அவற்றின் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தொண்ணூறுகளின் கடைசியில் கோயம்புத்தூரில் பம்பு செய்துகொண்டிருந்த பலருக்கும் அந்த முத்திரையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். எங்கே வாங்கலாம், எவ்வளவு ஆகும் என்பதே எல்லோருடைய கேள்வியும். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்த கம்பெனியிலும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று பெயர்பெற்றதை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்த ஊர் இது. மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079, சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034 என்று எண்களை மனப்பாடமாகச் சொல்லும் ஃபோர்மன்கள் எங்கள் டெஸ்டிங் பெட்டில் இருந்தார்கள். எத்தனை அடி உயரத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, மின்னழுத்தம் 15 சதவீதம் இறங்கினால் தாக்குப்பிடிக்கிறதா என்பவைதான் எங்களுக்குத் தரம். பல்லடம் பக்கத்தில் லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்கு 180 வோல்ட் வந்தாலே பெரிய விஷயம். அந்த 180-இலும் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் மோட்டாருக்குத்தான் மரியாதை. அதற்காக வைண்டிங்கில் செம்பைத் தாராளமாகப் போடுவோம். மூடியின் உட்புறம் எப்படி இருக்கிறது என்று எந்த விவசாயியும் திறந்து பார்த்ததில்லை.

ஜெர்மனியில் தோட்டக் கருவிகள் விற்கும் மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். டெஸ்டிங் பெட்டில் தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்ததை மரியாதைக்காகச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி டெர்மினல் பாக்ஸைத் திறந்தார். எர்த் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். கேபிளைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். அது கையோடு வரவில்லை, ஆனாலும் உள்ளே கொஞ்சம் நகர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தலைமைப் பொறியாளர் மட்டும் அதைப் பார்த்துவிட்டார்.

அவரை எல்லோரும் 'சீஃப்' என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்தே இருப்பவர். மற்றவர்கள் முன்னால் முதலாளியை 'சார்' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி' என்பார். அந்த மாதமே அவர் ஜெனீவாவிலிருக்கும் ஐ.இ.சி. அமைப்பின் 60335 தரநிலையையும், அதில் பம்புக்கான 2-41 பகுதியையும் வரவழைக்க வேண்டும் என்றார். விலை ஸ்விஸ் ஃபிராங்கில் இருந்தது. கணக்குப் பிள்ளை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனைக்கும் எத்தனை பக்கமுங்க?" என்று கேட்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் வந்து சேர்ந்தார். பம்பைப் பார்க்க வேண்டியதில்லை, மாடல் நம்பரும் பணமும் கொடுத்தால் போதும், சில நாளில் சான்றிதழ் வந்துவிடும் என்றார். பொன்னிற முத்திரையும் நட்சத்திர வட்டமுமாக ஒரு மாதிரிப் பத்திரத்தையும் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதலாளிக்கு மனசு சாய்ந்துவிட்டது. சீஃப் மறுநாள் ஐரோப்பிய உத்தரவுகளின் நகலோடு அவர் அறைக்குப் போனார். நானும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் சொன்னது எங்கள் இருவருக்குமே புதிது. எங்கள் வகைப் பம்புக்கு ஐரோப்பியச் சட்டம் மூன்றாம் ஆள் யாருடைய சான்றிதழையும் கேட்கவில்லை. செய்தவனே சோதித்து, வரைபடம், கணக்கு, சோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி, 'இது விதிப்படி இருக்கிறது' என்று தானே கையெழுத்திட வேண்டும். அந்தக் கோப்பைப் பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

"நாமளே கையெழுத்துப் போட்டுக்கறதுங்களா? நாளைக்கு யாருக்காச்சும் ஷாக் அடிச்சுதுன்னா?"

"நாமதானுங்க தம்பி பதில் சொல்லோணும்."

ஏஜென்ட் அதற்குப் பிறகு வரவில்லை. அவரிடம் வாங்கிய பத்திரங்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிய கம்பெனிகள் ஊரில் சில இருந்தன. ஐரோப்பியத் துறைமுகத்தில் அதிகாரி கேட்பது அந்தப் பத்திரத்தை அல்ல, கோப்பை. அது இல்லாதவர்களின் சரக்கு போன வழியே திரும்பிய கதைகளும் ஊருக்குள் மெல்ல வந்து சேர்ந்தன.

ஜெர்மன்காரருக்குச் சுயபிரகடனம் மட்டும் போதவில்லை. அவருடைய ஊர்க் கடைகளில் ஜி.எஸ். முத்திரை இல்லாமல் பொருளை அலமாரியில் வைக்க மாட்டார்களாம். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, கடைக்காரன் கேட்கிறான், அவ்வளவுதான். ஏற்றுமதி செய்கிறவன் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: எது அரசு கேட்பது, எது சந்தை கேட்பது. அரசு கேட்பதைச் செய்யாவிட்டால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். சந்தை கேட்பதைச் செய்யாவிட்டால் துறைமுகம் தாண்டிப் போய்க் கிடங்கில் தூங்கும். இரண்டுக்கும் செலவு உண்டு. ஆனால் பேரம் பேச இடம் இருப்பது இரண்டாவதில்தான்.

சோதனைக்குப் பம்பை அனுப்பினோம். தண்ணீர் தள்ளுவதில் ஒரு குறையும் வரவில்லை. விழுந்ததெல்லாம் வேறு இடங்களில். கேபிளை 100 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய பத்துக் கிலோ இழுவையில், 25 தடவை இழுக்க வேண்டும், உள்ளே இணைப்பு அசையக் கூடாது. எங்களுடையது அசைந்தது. டெர்மினல் பிளாக்கின் பிளாஸ்டிக்கைச் செஞ்சூடான கம்பியால் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடும் சாதனத்தில் மின்னிணைப்பைத் தாங்கும் பிளாஸ்டிக், 850 டிகிரிக்கும் ஈடுகொடுக்க வேண்டும். டவுன்ஹால் பக்கத்துக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய எங்கள் பிளாக் அங்கே நிற்கவில்லை. ரோட்டரை அசைய விடாமல் பூட்டிவைத்து மின்சாரம் கொடுத்து வைண்டிங்கின் சூட்டை அளக்கும் சோதனையில் மட்டும் தப்பித்தோம். தோட்டத்து 180 வோல்ட்டுக்காகப் போட்ட செம்பு அங்கே கைகொடுத்தது. கடைசியாக, உபயோகக் குறிப்பு ஜெர்மன் மொழியில் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். காகிதமும் பம்பின் ஒரு பாகம்தான் என்பதை அதுவரை எங்கள் ஷாப் ஃப்ளோரில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

டெர்மினல் பாக்ஸின் பேட்டர்னையே மாற்ற வேண்டியிருந்தது. மூடியை உயர்த்தினால் மின்பாகங்களுக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி சரியாகும். ஆனால் மூடி உயர்ந்தால் அட்டைப்பெட்டி மாறும், பெட்டி மாறினால் கண்டெய்னரில் ஏறும் எண்ணிக்கை குறையும். இதையெல்லாம் வரைபலகையில் இருக்கும்போதே யோசித்திருந்தால் பென்சில் செலவோடு போயிருக்கும் என்று சீஃப் பல் கடித்தார். அடுத்த மாடலிலிருந்து வரைபடம் போடும் நாளிலேயே தரநிலைப் புத்தகம் மேஜையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில்தான் முக்கியமான சங்கதி வந்தது. மறுசோதனைக்கான முழுச் செலவையும் தானே ஏற்றுக்கொள்வதாக ஜெர்மன்காரர் கடிதம் எழுதினார். ஒரே ஒரு நிபந்தனை: பம்பு அவருடைய பிராண்டில் போகும், சான்றிதழும் அவர் பெயரில் இருக்கும். எங்கள் கம்பெனி 'உற்பத்தி நடக்கும் இடம்' என்று உள்ளே ஒரு வரியில் வரும்.

முதலாளிக்கு இது வலிய வந்த லட்சுமியாகத் தெரிந்தது. சீஃப் ஒத்துக்கொள்ளவில்லை. "கலியாணச் செலவை அவன் பண்றான், சரி. பத்திரத்தையும் அவன் பேர்லயே எழுதிக் குடுத்துட்டா நமக்கு என்னங்க தம்பி மிஞ்சும்?" என்று கேட்டார். அந்த வருஷம் பஞ்சு விலை, மழை, வங்கி வட்டி எதுவுமே எங்களுக்குச் சாதகமாக இல்லை. முதலாளி கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சம்பளத் தேதி நெருங்கும்போது அப்படித்தான் முடிவெடுக்க முடியும்.

சில வருஷம் ஆர்டர் நன்றாகவே வந்தது. பிறகு அவர் விலையைக் குறைக்கச் சொன்னார், குறைத்தோம். மறுபடி சொன்னார். அதற்கு மேல் முடியாது என்றபோது கடிதங்கள் வருவதே நின்றது. வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் அவருடைய கடையைப் பார்த்த எங்கள் விற்பனையாள் வந்து சொன்னார்: அதே பம்பு, அதே உயர்த்திய மூடி, அதே முத்திரை. சீனாவில் செய்தது. சான்றிதழ் அவருடையது, கோப்பு அவருடையது, அதில் தொழிற்சாலையின் விலாசத்தை மாற்றுவது அவருக்குச் சிரமமான காரியமே இல்லை. சட்டப்படி அவர் தப்பேதும் செய்யவில்லை என்பதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எந்தச் சான்றிதழும் கம்பெனி பெயரில்தான் என்று ஆனது. செலவு செய்ய முன்வரும் வியாபாரியிடம், பணம் வேண்டாம், முதல் வருஷத்துக்கு இத்தனை பம்பு எடுப்பேன் என்று ஆர்டர் கொடுங்கள் என்று முதலாளியே பேசினார். சிலர் போய்விட்டார்கள். இருந்தவர்கள் நிலைத்தார்கள்.

ஐ.இ.சி.இ.இ. அமைப்பின் சி.பி. திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதும் அப்போதுதான். ஏற்கப்பட்ட ஓர் ஆய்வகத்தில் ஒரு தடவை சோதித்து அறிக்கை வாங்கினால், ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகளில் அதைக் காட்டி அந்தந்த நாட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். முதலிலிருந்து எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. அந்த நாட்டுக்கென்று தனியாக இருக்கும் வேறுபாடுகளை மட்டும் காட்டினால் போதும். விண்ணப்பத்தில் எந்தெந்த நாட்டு வேறுபாடுகளைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்ல, அடுத்த ஐந்து வருஷத்தில் எங்கே விற்கப் போகிறோம் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனால் நிரப்பக்கூடிய படிவம் அல்ல அது.

நாடு தேர்ந்தெடுப்பது என்பது வெறும் வியாபாரக் கணக்கில்லை. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓடும் பம்பை அங்கே அப்படியே போட்டால் வேகம் 20 சதவீதம் கூடும், இழுக்கும் சக்தியோ 70 சதவீதத்துக்கு மேல் கூடும். இம்பெல்லரைக் கடைசல் பிடித்து விட்டத்தைக் குறைத்தாக வேண்டும். 2005-இலிருந்து நைஜீரியாவுக்கு சோன்கேப், கென்யாவுக்கு பி.வி.ஓ.சி. என்று கப்பலில் ஏற்றும் முன்பே சரக்கைச் சரிபார்க்கும் ஏற்பாடுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் தனித்தனி மாடல் செய்தால் கம்பெனி திவாலாகிவிடும். இருப்பதிலேயே கடுமையான விதியைப் பார்த்து ஒரு பம்பை வடிவமைத்து, மற்ற நாடுகளுக்கு அதையே அனுப்புவது என்று சீஃப் முடிவு செய்தார். பல்லடத்து விவசாயிக்கு மட்டும் தனி மோட்டார். 850 டிகிரி டெர்மினல் பிளாக் அவர் கேட்கவில்லை, 180 வோல்ட்டில் ஓடுவதைத்தான் கேட்டார். எல்லா மாடலுக்கும் ஒரே டெர்மினல் பாக்ஸ் என்றானபோது அவருக்கும் அந்தப் பிளாக்கே கிடைத்தது.

அமெரிக்காவை வேண்டுமென்றே தள்ளிப் போட்டோம். கோவையின் கன்மெட்டல் இம்பெல்லர் பெரும்பாலும் எல்.டி.பி.2 என்ற உலோகக் கலவை. அதில் ஈயம் ஏறக்குறைய 5 சதவீதம். குடிதண்ணீர் தொடும் பாகங்களில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் 2014 ஜனவரி 4 முதல் அமலுக்கு வந்தது. ஈயத்தை எடுத்தால் வார்ப்பும் கடைசலும் இரண்டுமே சிரமம். நோரில் பிளாஸ்டிக்குக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் மாறிய பிறகுதான் அந்தக் கதவைத் தட்டினோம். எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் முட்டிக்கொண்டவர்கள் உண்டு. எந்தச் சந்தைக்கு இப்போது போகக் கூடாது என்று தீர்மானிப்பதற்கும் தரநிலைப் புத்தகம்தான் உதவுகிறது.

சான்றிதழ் வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவது கஷ்டம். சோதித்த பம்பில் எந்தக் கம்பெனியின் கெபாசிட்டர், எந்தக் கம்பெனியின் கேபிள், எந்த ஓவர்லோடு புரொடெக்டர் என்று ஒரு பட்டியல் அறிக்கையோடு ஒட்டியிருக்கும். அதில் ஒன்றை மாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். எங்கள் பர்ச்சேஸ்காரர் கெட்டிக்காரர். பீளமேட்டிலும் கணபதியிலும் எந்தச் சந்தில் எந்தப் பாகம் காலணா மலிவு என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவை மீட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று வேறு கேபிளை இறக்கிவிட்டார். "ரப்பரு ரப்பருதானுங்க, செம்பு செம்புதானுங்க" என்பது அவர் வாதம். அமெரிக்க யூ.எல். முத்திரைக்கு ஆய்வாளர் வருஷத்துக்கு நான்கு தடவை வரைக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். வந்தார். கட்டிய பெட்டி ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். கேபிளின் மேல் அச்சடித்திருந்த பெயரைப் படித்தார், தன் கோப்பைப் புரட்டினார். அந்த லாட் முழுவதும் முத்திரை உரிக்கப்பட்டு உள்ளூர்ச் சந்தைக்குப் போனது. அதன் பிறகு பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று கம்பெனிகளைச் சேர்த்துச் சோதித்துவிட ஆரம்பித்தோம். பர்ச்சேஸ்காரருக்குப் பேரம் பேச இடம் கிடைத்தது, எங்களுக்குத் தூக்கம் வந்தது.

விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி விலக்குகள்தான். மோட்டார்களின் திறனுக்கு ஐரோப்பா 2009-இல் விதி கொண்டுவந்தபோது ஊரே கலங்கியது. 2011 ஜூன் முதல் ஐ.இ.2 வகுப்புக்குக் கீழே இருக்கும் மோட்டார் விற்கக் கூடாது என்றது அது. முழுக்கத் தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டாருக்கும், பம்போடு ஒன்றாகிப்போய்த் தனியே சோதிக்க முடியாத மோட்டாருக்கும் அதே விதியின் முதல் பிரிவிலேயே விலக்கு இருந்தது. எங்கள் சரக்கில் பெரும்பகுதி அதற்குள் வந்தது. செய்தித்தாளை மட்டும் படித்தவர்கள் பயந்தார்கள்.

ஆனால் விலக்கில் ஒளிந்துகொண்டு நெடுநாள் இருக்க முடியாது என்பதையும் சீஃப் சொல்லியிருந்தார். அடுத்து பம்புக்கே விதி வந்தது. நான்கு அங்குல, ஆறு அங்குல சப்மெர்சிபிள் பம்புகளும் அதில் அடக்கம். 2013-இல் ஐரோப்பியச் சந்தையில் இருந்த பம்புகளில் திறன் மிகக் குறைந்த பத்து சதவீதத்தையும், 2015-இல் நாற்பது சதவீதத்தையும் வெளியே தள்ளும் கணக்கு அது. எங்கள் மாடல்களை வரிசைப்படுத்திப் பார்த்தோம். கொஞ்சம் தேய்த்து, இம்பெல்லரின் உட்பாதையை வழவழப்பாக்கினால் தேறக்கூடியவை சில. எதைச் செய்தாலும் தேறாதவை பல. தேறாதவற்றை ஐரோப்பியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு இருக்கும் பணத்தைத் தேறுபவற்றில் போட்டோம். நாற்பது சதவீதப் பம்புகள் வெளியே போன சந்தையில் மிச்சமிருந்தவர்களுக்கு விலை கொஞ்சம் நன்றாகவே கிடைத்தது. விதி கடுமையானால் நஷ்டம் என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எனக்கு ஓர் ஆதங்கம் மட்டும் தீரவில்லை. இந்த விதிகளை யார் எழுதுகிறார்கள்? உலக அளவில் பம்புக்கு ஐ.எஸ்.ஓ.வின் டி.சி. 115 குழு இருக்கிறது. தில்லியில் பி.ஐ.எஸ். அமைப்பில் எம்.இ.டி. 20 என்ற குழு இருக்கிறது. வரைவுகள் கருத்துக் கேட்டு வருகின்றன. போட்டி நாடுகளின் பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. தங்கள் பம்பு ஏற்கெனவே தாண்டும் உயரத்தைக் குறைந்தபட்சமாக எழுதவைப்பது அவர்களுடைய வேலை. நம் ஊரில் வரைவு வந்தால் தரக்கட்டுப்பாட்டுக்காரரின் மேஜையில் பில் புத்தகத்துக்கு அடியில் போகும். தரநிலை அச்சாகி வந்ததும் சங்கத்தில் கூடி, நடைமுறைக்கு ஒத்துவராது என்று மனுக் கொடுப்போம்.

2024 ஆகஸ்டில் மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் இயந்திரப் பாதுகாப்புக்கென ஓர் ஒட்டுமொத்த ஆணையை அறிவித்தது. பம்புகளும் அதன் பட்டியலில் உண்டு. அமலாகும் தேதியைப் பிறகு தள்ளி வைத்தார்கள். அதன் அடிப்படையாக இருப்பது ஐ.எஸ். 16819. அது ஐ.எஸ்.ஓ. 12100-இன் இந்தியப் பதிப்பு. ஐரோப்பாவுக்குக் கோப்புக் கட்டும்போது நாங்கள் வரி வரியாகப் படித்த அதே ஐ.எஸ்.ஓ. 12100. ஏற்றுமதிக்காரனுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருந்தது இப்போது உள்ளூர்க்காரனின் வாசலுக்கும் வந்துவிட்டது.

புதிதாகப் பம்பு, மோட்டார், மிக்சி, கிரைண்டர் என்று எதைச் செய்ய இறங்கினாலும் தம்பிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். சோதனைச் செலவை யார் தருவதாகச் சொன்னாலும் சான்றிதழை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பணம் இல்லையென்றால் ஒரு மாடலுக்கு மட்டும் வாங்குங்கள். இந்தியத் தரநிலைகளை பி.ஐ.எஸ். இப்போது இணையத்தில் இலவசமாகவே தருகிறது, வரைவுகளையும் அங்கேயே பார்க்கலாம். உங்கள் தொழிலுக்கான வரைவு வரும் நாளில், உங்கள் டெஸ்டிங் பெட்டின் அளவுகளோடு ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள்.